உட்கார்ந்தால் எழ முடியாத மருத்துவச்சி

பிரசவ வலியில் கத்துகிற பெண்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். "ஒலகத்துல இல்லாத வலி ஒனக்கு மட்டும் வந்த மாதிரி ஏண்டி கத்துறே? மூச்சை விடு. வலியோட மல்லுக்கு நிக்காதே" என்பேன். முப்பது வருஷம் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், எனக்கென்று ஒரு வலி வந்தபோது தெருவே கேட்கும்படி கத்தினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மறைத்துப் பயனில்லை. தேவிபட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

என் பெயர் உம்மு ஹபீபா. மருத்துவச்சி வேலை மாமியார் கற்றுக்கொடுத்தது. எங்கள் தெரு, மீன்பிடிக்கிறவர்கள் தெரு, மேற்கே வயல்காட்டுச் சனம் என்று எங்கே இடுப்பு வலி கண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் பாக்கர் கொழும்புக்குப் போகிற தோணியில் சமையல் பார்த்தவர். கண் மங்கியதும் கரையோடு தங்கிவிட்டார். ஒரே மகளைக் கீழக்கரையில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். மூன்றாவதாக என் முட்டிவலி வந்து சேர்ந்தது.

அது 1955 வாக்கில் தொடங்கியது. எனக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். வாப்பா எழுதி வைக்கவில்லை, நானும் கேட்டு வைக்கவில்லை. விடியற்காலையில் சுபுஹு தொழுகைக்கு உட்காருவேன். தொழுகை முடியும். எழுந்திருக்கப் பார்த்தால் இரண்டு முட்டியும் துருப்பிடித்த கீல் மாதிரி நின்றுவிடும். கையை ஊன்றி எழலாம் என்றால் விரல்கள் மடங்காது. இதை எப்படி வெளியே சொல்வது? ஊருக்கெல்லாம் உடம்பு பார்க்கிறவளுக்கே உடம்பு சரியில்லை என்றால் என்னை யார் கூப்பிடுவார்கள்? அதனால் தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்துவிடுவேன். வெயில் முற்றத்தில் இறங்கும் வரைக்கும் மணி உருளும். பிறகு மெல்ல மெல்ல முட்டி இளகும். சுவரைப் பிடித்து எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுப்படிக்குப் போவேன்.

ஒரு மாதம் போனது. பக்கத்து வீட்டு மஜீதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் போய்த் தெருவில் என்ன சொன்னாளோ தெரியாது. பெண்கள் என்னைக் கண்டால் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். "ராத்தா மாதிரி உண்டா? ஒரு மணி நேரம் அசையாம அல்லாஹ்வை நெனைச்சுத் திக்ரு ஓதுறாக" என்று பேச்சு. மஜீதா தன் மகனுக்குக் காய்ச்சல் என்று துஆ கேட்டு வந்தாள். "ஓதி ஊதுங்க ராத்தா" என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். நான் என்ன செய்ய? ஊதினேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏ ஹபீபா, நீ ஓதுறியா, இல்ல எந்திரிக்க முடியாம கெடக்கியா?"

"அல்லாஹ்வை நெனைக்கிறப்ப இப்படியெல்லாம் பேசாதீங்க" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். எனக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வெட்கத்துக்காக உண்மை பேசுகிற ஆள் இல்லை.

பிறகு வைத்தியம் தொடங்கினேன். ஊருக்குத் தெரியாமல் செய்கிற வைத்தியம். விளக்கெண்ணெய், நொச்சி இலை, முடக்கத்தான் ரசம், ராமநாதபுரம் சந்தையில் ஒருவர் விற்ற பச்சைத் தைலம். தைலம் பூசிக்கொண்டு படுத்தால் பாக்கர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். கடைசியில் ஒரு வயசாளி சொன்னார் என்று சூட்டு மணலில் காலைப் புதைத்துப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று நினைத்துக் கடற்கரையில் ஒரு தாழம்புதர் ஓரமாகப் போனேன். உச்சி வெயில். மணலைத் தோண்டி, இடுப்பு வரைக்கும் மூடிக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். சூடு இதமாக இருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது எதிரே மூன்று வாழைப்பழம் இருந்தது, கொஞ்சம் உதிரிப்பூவும் இருந்தது. கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கற்களைக் கும்பிட வந்த பரமக்குடிக் குடும்பம் ஒன்று, கைகூப்பியபடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்த அம்மாள் பயபக்தியோடு, "சாமி, எம்மகளுக்குக் கல்யாணம் கூடி வருமா?" என்று கேட்டாள்.

என் முழங்கால் வலியை இரண்டு மதத்துச் சனமும் பக்தி என்று எடுத்துக்கொண்டது அப்படித்தான். "வரும், வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் போகிற வரைக்கும் மணலை விட்டு வெளியே வர முடியவில்லை. வந்து பார்த்தால் குதிகால் இரண்டும் வெந்து கொப்பளித்திருந்தன. முட்டி மட்டும் பழைய மாதிரியே இருந்தது. பழத்தைப் பாக்கர் சாப்பிட்டார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. சில வாரம் வலி எங்கோ போயிருக்கும். சில வாரம் வந்து குடியிருக்கும். அது எப்போது வரும், எதனால் வரும் என்று நான் யோசித்ததே இல்லை. வலிக்காத நாளில் "சரியாப் போச்சு" என்று குதிப்பேன். வலிக்கிற நாளில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பேன்.

1957 மாசி மாதம். மீன்பிடிக்கிற தெருவில் சின்னக்கருப்பன் என்ற வலைக்காரனின் மனைவி முத்தழகுக்கு மூன்றாவது பிரசவம். காலையில் ஆள் வந்தது. போனேன். பிரசவம் பார்ப்பது தரையில் குத்துக்காலிட்டுச் செய்கிற வேலை. அன்றைக்கு முட்டி காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் காது கொடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஒரே இருப்பாக இருந்தேன். முத்தழகு கத்தியபோதெல்லாம் வழக்கம் போலத் திட்டினேன். உச்சி நேரத்துக்குப் பிள்ளை நல்லபடியாக விழுந்தது. ஆண் பிள்ளை. கொடியை அறுத்து, துடைத்து, துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் போட்டேன். முத்தழகின் மாமியார் வெந்நீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். வலது முட்டிக்குள் யாரோ கத்தியைச் செருகித் திருகினார்கள். "யா அல்லா!" என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்து அழுதது. முத்தழகு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன ஆத்தா, எந்திரிக்க முடியலையா?"

"முடியும், முடியும். நீ படு."

"இந்தாங்க, கையப் பிடிங்க."

பிள்ளை பெற்று அரை நாழிகைகூட ஆகாதவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கையை நீட்டினாள். நான் மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு மறுபடி எழப் பார்த்துப் பக்கவாட்டில் சரிந்தேன். சரிந்தவள் கத்திய கத்தலில் வாசலில் இருந்த சின்னக்கருப்பன், "முத்தழகு!" என்று அலறிக்கொண்டு கதவைத் தள்ளினான். தன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டு படுத்திருப்பதையும், மருத்துவச்சி தரையில் சுருண்டு கிடப்பதையும் பார்த்து, யாருக்கு என்ன ஆனது என்று விளங்காமல் விழித்தான்.

அந்தத் தெரு முழுக்க மணல். வண்டிச் சக்கரம் புதைந்துவிடும். அதனால் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து என்னை அதில் படுக்க வைத்து, சின்னக்கருப்பனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் தூக்கினார்கள். படகு தள்ளிப் பழகிய ஆட்கள். தூக்கும்போது ஒரு குரல் கொடுத்தார்கள், திரும்பும்போது ஒரு குரல் கொடுத்தார்கள். ஆம்பளைகள் தூக்கிப் போகிறார்களே என்ற கூச்சத்தில் நான் துப்பட்டியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதுதான் தப்பாகிப்போனது.

எங்கள் தெருமுனையில் தேநீர்க் கடை. வெள்ளைத் துணியால் தலை முதல் கால் வரை மூடிய ஒரு உடம்பை நான்கு பேர் கட்டிலில் சுமந்து வருவதைக் கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று மரணத்துக்குச் சொல்கிற வாசகத்தைச் சொல்லி ஒருவர் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் மங்கிய கண்ணோடு எழுந்து, "யாரு மவுத்து?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நான் துணியை விலக்கி, "நான் மவுத்தாகலை, முட்டிதான் மவுத்து! வீட்டைத் தொறந்து விடுங்க!" என்று கத்தினேன். டீ கிளாஸ் உடைந்த சத்தமும் கேட்டது.

இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்த சங்கதி இரண்டு நிமிஷத்தில் ஊருக்குத் தெரிந்துபோனது.

முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. பாக்கரைக் கூப்பிட்டுச் சூடான எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். அவருடையது தோணியில் பரோட்டா மாவு பிசைந்த கை. தேய்த்தார். நான் கத்தினேன். "கத்துனா விட்டுறவா?" என்றார். "விடாதீங்க, தேயுங்க" என்று கத்திக்கொண்டே சொன்னேன். மறுநாள் வீக்கம் இரண்டு மடங்கானது. இனிமேல் அசைவதே இல்லை என்று முடிவெடுத்துப் படுத்துவிட்டேன். பதினெட்டு நாள் படுத்தேன். சமையல் பாக்கர்தான். முப்பது பேருக்குச் சமைத்துப் பழகியவர், இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாமல் அண்டா அண்டாவாக ஆக்கினார். நான் படுத்தபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டேன். நாளாக ஆகக் கால் இன்னும் விறைத்தது. தொடை மெலிந்தது. வயிறு மெலியவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் சோணையம்மாள் வந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமுதிப் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயது. மதுரையில் படித்துவிட்டு, அரசாங்கத்தின் பிள்ளைப்பேறு நிலையத்துக்கு நர்ஸாக எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு தோல் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். நான் அவளுக்குப் 'பைக்காரி' என்று பெயர் வைத்திருந்தேன். "பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளைப்பேறு பத்தி என்ன தெரியும்?" என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். இப்போது அவள் என் கட்டில் ஓரத்தில் நின்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தேன். திரும்ப முடியவில்லை.

"முத்தழகுதான் போய்ப் பாக்கச் சொன்னா பெரியம்மா. அவ எந்திரிச்சு மீன் கழுவுறா. நீங்க இன்னும் படுத்திருக்கீங்களாம்ல?"

இதைவிட ஒரு அடி வேறு கிடையாது. அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். மெல்ல மடக்கி நீட்டினாள்.

"வீங்கிச் சுட்டப்ப என்ன செஞ்சீங்க?"

"சூடா எண்ணெ தேச்சோம்."

"தீப்புடிச்ச வீட்டுல வெறகு போட்டிருக்கீங்க. முட்டி சுடுறப்ப பச்சத் தண்ணித் துணி போடணும், காலை ஒசத்தி வைக்கணும், ஒரு நாள், ரெண்டு நாள் ஓய்வு. தேய்க்கவே கூடாது. வீக்கம் வத்துன பொறவு, காலையில விறைச்சுக் கெடக்குல்ல, அப்பத்தான் சூட்டு ஒத்தடம்."

"ஓய்வாத்தான இருக்கேன், பதினெட்டு நாளா."

"அதுதான் கேடு. ஓய்வுன்னா ரெண்டு நாளு. அதுக்கு மேல படுத்தா முட்டி பூட்டிக்கிரும். தொடையில சதை இருந்தாத்தான் முட்டிக்குத் தாங்கல்."

"நடந்தா தேஞ்சு போகாதா?"

"அளவா நடந்தாத் தேயாது. நீங்க பிள்ளை பெத்தவளுகளை எத்தனாம் நாள் எந்திரிச்சு நடக்கச் சொல்றீங்க?"

அவள் ஒரு பழைய துண்டைச் சுருட்டி என் முட்டிக்கு அடியில் வைத்தாள். அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விடச் சொன்னாள். படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே பத்துத் தடவை. கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது பத்துத் தடவை. கைவிரலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மூடித் திறப்பது. கேட்கவே சிரிப்பாக இருந்தது. இதெல்லாம் ஒரு வைத்தியமா? கசப்பு இல்லை, நாற்றம் இல்லை. ஆனால் முதல் ஐந்து எண்ணுவதற்குள்ளேயே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலறினேன்.

"மூச்சை விடுங்க பெரியம்மா. வலியோட மல்லுக்கு நிக்காதீங்க" என்றாள் சோணையம்மாள்.

அதை அவள் வேண்டுமென்று சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை. முற்றத்தில் இருந்த என் வீட்டுக்காரர் மட்டும் வெகுநேரம் இருமினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்றும் அவள் சொன்னாள். ஒரு வாரம் கழித்துப் பாக்கர் என்னை ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். டாக்டர் தட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, தேய்மானம் என்றார். போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். வலி மிஞ்சினால் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு போட மாத்திரை கொடுத்தார். "உடம்பு எடையைக் குறைக்கணும்மா" என்றார்.

"நான் சாப்பிடுறதே இல்லையே டாக்டர்."

பாக்கர் மறுபடி இருமினார். டாக்டர் அவருக்கு இருமல் மருந்து எழுதப் பேனாவை எடுத்தார்.

கம்பு ஒன்று ஊன்றச் சொன்னார்கள். நான் வலிக்கிற வலது பக்கமே ஊன்றினேன். சோணையம்மாள் பார்த்துவிட்டு இடது கைக்கு மாற்றினாள். "வலிக்கிற காலுக்கு எதிர்க் கையிலதான் கம்பு. காலும் கம்பும் சேந்து முன்னால போகணும்." என் வீட்டுக்காரர் இதை ஏற்கவில்லை. தோணி வலது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம்தானே முட்டுக் கொடுப்போம் என்றார். இரண்டு நாள் வாதாடினார். மூன்றாம் நாள் எனக்குத் தெரியாது என்று நினைத்து அவர் முற்றத்தில் கம்பை இரண்டு கையிலும் மாற்றி மாற்றி ஊன்றி நடந்து பார்த்ததை நான் சமையல்கட்டிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு தோணிப் பேச்சு வரவில்லை.

நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது. ஒரு நாள் காலை எழுந்தால் வலியே இல்லை. இருபது வயது மாதிரி இருந்தது. அன்றைக்கே வீட்டை முழுக்கக் கழுவினேன். ஓட்டில் இருந்த ஒட்டடையை அடித்தேன். மத்தியானம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுகிற சகனில், "எனக்கு நாற்காலி வேண்டாம்" என்று வீம்பு பேசித் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னது பிரியாணிக்குப் பொருந்தாது என்று முடிவெடுத்துச் சாப்பிட்டேன். எழும்போது இரண்டு பேர் தூக்கினார்கள். மறுநாள் முட்டி சுட்டது.

சோணையம்மாள் கோபப்படவில்லை. "வலி கூடுன நாளைக்கு முந்துன நாளு என்ன செஞ்சீங்கன்னு நெனைச்சுப் பாருங்க" என்றாள். நினைத்துப் பார்த்தேன். மாசி மாதத்துக்கு முன்னால் போன இரண்டு வருஷத்தையும் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய நாள் நான் ஏதோ ஒரு வீரம் காட்டியிருந்தேன். கண் வைத்தவர்கள் என்று நான் பத்துப் பதினைந்து பேரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். கண் வைத்தது நான்தான்.

அன்றிலிருந்து வேலையைப் பிரித்துச் செய்யப் பழகினேன். வீட்டில் பாதியைக் கழுவி, உட்கார்ந்து, மீதியை நாளைக்கு வைப்பது. அம்மியைத் தரையிலிருந்து தூக்கி மேடையில் வைத்தோம். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினோம். தொழுகையைக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தேன். முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று எனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும். நான்தான் 'முடியாதவள்' என்பது தெரிய ஐம்பது வருஷம் ஆனது.

அப்போது மஜீதா மறுபடி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவள் மகன் சிங்கப்பூர் போகிறான், ஓதி ஊத வேண்டும். நான் அவளை உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன்.

"அடியே, நான் பாயில உக்காந்து கெடந்தது திக்ரு இல்ல. முட்டி."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப போன தடவை நீங்க ஊதி எம்மகனுக்குக் காச்சல் நின்னுச்சே?"

"அது தானா நின்னது."

"அத நீங்க சொல்லாதீங்க ராத்தா" என்று செம்பை என் மடியில் வைத்தாள். ஊதினேன். வேறு என்ன செய்ய? இந்தத் தடவை மனசார ஊதினேன்.

கடலுக்குப் போகிற பழக்கமும் அப்போதுதான் வந்தது. எங்கள் கடல் குளம் மாதிரி. அலை கிடையாது, வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர்தான். தண்ணீரில் உடம்பு பாரம் தெரியாது, அதில் நடந்தால் முட்டிக்குச் சுகம் என்று சோணையம்மாள் சொன்னாள். காலையில் வெயில் ஏறுவதற்குள் துப்பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் கால் மணி நேரம் நடப்பேன். பாக்கர் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காவல் இருப்பார். நான் தனியாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு மஜீதா இடுப்பு வலி என்று வந்தாள். முத்தழகின் மாமியார் வந்தாள். ஒரு மாதத்தில் ஒன்பது பெண்கள். இத்தனை பேர் முட்டியை மறைத்துக்கொண்டுதான் ஊரில் நடமாடியிருக்கிறார்கள்! ஒன்பது பேரும் தண்ணீருக்குள் வரிசையாக நடந்துகொண்டு மருமகள்களைப் பற்றிப் பேசுகிற சத்தத்தில் மீன் கரைப்பக்கமே வரவில்லை என்று சின்னக்கருப்பன் குறைப்பட்டுக்கொண்டான். ஒரு நாள் சொறிமீன் ஒன்று என் இடது காலில், நல்ல காலில், சுற்றிக்கொண்டு எரித்துவிட்டது. மூன்று நாள் வலது காலை நம்பி நொண்டினேன். அது தாங்கியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

என்றாலும் பிரசவம் பார்க்க நான் போகவில்லை. கூப்பிட்டார்கள், நான்தான் மறுத்தேன். தரையில் குந்த முடியாதவள் என்ன மருத்துவச்சி? அதோடு, கட்டில் ஊர்வலம் மறுபடி நடந்தால் நிஜமாகவே மவுத்தாகிவிடுவேன் என்று தோன்றியது.

1958 ஆடியில் மஜீதாவின் மகள் மலிகாவுக்குத் தலைப்பிரசவம். காலையில் வலி எடுத்தது. சோணையம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் மலிகா பயந்துபோய், "மாமி வந்தாத்தான்" என்று என்னைக் கேட்டு அழுதாளாம். மஜீதா வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க வந்து சும்மா உக்காருங்க ராத்தா. அது போதும்."

போனேன். சோணையம்மாள் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். மலிகா உயரமான கட்டிலில் படுத்திருந்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தேன். விரல் மடங்காவிட்டாலும் உள்ளங்கைக்கு நினைவு இருந்தது. தலை கீழேதான் இருந்தது, இன்னும் இறங்கவில்லை. நேரமாகும் என்றேன். சோணையம்மாளும் அதைத்தான் சொன்னாள்.

அரை மணி நேரம் உட்கார்ந்ததும் என் முட்டி பூட்டத் தொடங்கியது. எழுந்து நடந்தே தீர வேண்டும். "நான் முற்றத்துல ஒரு சுத்துச் சுத்திட்டு வாரேன்" என்றேன். மலிகா என் கையை விடவில்லை.

"நானும் வாரேன் மாமி."

பிரசவ வலியில் இருக்கிறவளைப் படுக்கையை விட்டு நான் எழுப்பியதே கிடையாது. சோணையம்மாளைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணிக்குடம் ஒடையலை. மெதுவா நடக்கட்டும் பெரியம்மா, நல்லதுதான்" என்றாள்.

இருவரும் முற்றத்தில் இறங்கினோம். என் இடது கையில் கம்பு. வலது கை மலிகாவின் தோளில். அவள் கை என் கழுத்தில். நான்கு அடி நடப்போம். அவளுக்கு வலி வரும், நிற்போம். நான் மூச்சை விடு என்பேன். பிறகு எனக்கு முட்டி பிடிக்கும், நிற்போம். அவள், "மூச்சை விடுங்க மாமி" என்பாள். இரண்டு பேரும் முனகிக்கொண்டு சுற்றினோம். வாசலில் உட்கார்ந்திருந்த மலிகாவின் புருஷன் ஒவ்வொரு முனகலுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தானாம். பக்கத்தில் இருந்த பாக்கர், "இது ஒன் பொண்டாட்டி. இது என் பொண்டாட்டி" என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் மலிகா, "மாமி, என்னமோ பண்ணுது" என்றாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலுக்குக் கூட்டிவந்தோம். கட்டில் என் இடுப்பு உயரம். நின்றுகொண்டே அவள் முதுகைத் தாங்கினேன். சோணையம்மாள் எதிர்ப்பக்கம் நின்று பிள்ளையைக் கையில் வாங்கினாள். பெண் பிள்ளை. அழுவதற்குக் கொஞ்சம் யோசித்தது. நான் உள்ளங்காலைத் தட்டச் சொன்னேன், தட்டினாள், வீடு அதிரக் கத்தியது.

மலிகா கத்தினாளா என்று கேட்டால், கத்தினாள். நான் திட்டவில்லை. "கத்துடி, நல்லாக் கத்து" என்றேன். மஜீதா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு சோணையம்மாளும் நானும் சேர்ந்துதான் போகிறோம். கீழே குனிகிற வேலை அவளுக்கு. வயிற்றைத் தடவுவதும், முதுகைத் தாங்குவதும், முற்றத்தில் நடத்திக் கூட்டிப்போவதும் எனக்கு. "உம்மு ஹபீபாவோட நடந்தா சுருக்கப் பிறக்கும்" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நடப்பது என் முட்டிக்காக என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் கேட்பதாக இல்லை.

இப்போது 1962. எனக்கு அறுபத்திரண்டு இருக்கலாம். வலி போகவில்லை. வருகிறது, போகிறது. வருகிற நாளில் காலைத் தூக்கி வைத்து ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு, பாக்கர் போடுகிற சுக்குத் தேநீரைக் குடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களை வம்புக்கு இழுக்கிறேன். இரண்டாம் நாள் எழுந்து நடந்துவிடுகிறேன். வலிக்காத நாளில் வீரம் காட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. முழுக்கக் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம் முருங்கைக்காய் பறிக்க நாற்காலி மேல் ஏறினேன். ஏறியது சரி. இறங்கும் வழி தெரியாமல் அரை மணி நேரம் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாக்கர் பள்ளிவாசலிலிருந்து வந்து, "பிஞ்சா இருக்கிறதையும் சேத்துப் பறி" என்று சொல்லிவிட்டுத்தான் கையைக் கொடுத்தார்.